மலையகத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குமுன் எஞ்சினைச் சோதிக்கும் முறை

மலையகத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கப் போகிறவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, மலை ஓர் எஞ்சினைப் பற்றி இரண்டு விதமாகவும் பொய் சொல்லும் என்பதே. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில், நல்ல எஞ்சின் இழுவை குறைந்து, கறுப்புப் புகை கக்கி, ஒயில் மூடியின் அடியில் வெள்ளைக் களிம்பு படிந்து, கெட்டுப்போனதுபோல் தோன்றலாம். அதே ஊரில், பேரிங் தேய்ந்த எஞ்சின் குளிர்ந்த காலையில் ஒயில் அழுத்தத்தை உயரக் காட்டி, சத்தமின்றி ஓடி, வாங்க வந்தவரை ஏமாற்றவும் செய்யும். எதைக் கேட்டாலும் "மலைக் குளிருக்கு இப்படித்தான் ஐயா" என்று விற்பவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி எது, மற்றப் பாதி எது என்று பிரித்தறிவதற்கான வழிமுறைதான் கீழே வருகிறது.

இங்கே பேசப்படுபவை பெரும்பாலும் எம்ஜி, டிரையம்ஃப், ஆஸ்டின் ஹீலி போன்ற பிரித்தானியக் கார்கள். தோட்டத்துரைமாரின் பங்களாக் கராஜுகளில் கிடந்தவை, கண்டியிலும் கொழும்பிலும் கைமாறி வந்தவை, யாரோ ஒருவர் பாதி திருத்தி நிறுத்திவிட்டவை என்று மூன்று வகையாகவும் இவை சந்தைக்கு வருகின்றன. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்ததால், அக்காலத்தில் பழுதான எஞ்சின்கள் கையில் கிடைத்த உதிரிப்பாகத்தைக் கொண்டே உயிர்ப்பிக்கப்பட்டன. ஆகவே, பெயர்ப்பலகை சொல்லும் எஞ்சின்தான் உள்ளே இருக்கிறது என்று ஒருபோதும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

சோதனை பத்திரங்களிலிருந்தே தொடங்குகிறது. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் வழங்கிய பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கமும் சேசி இலக்கமும் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றை வாகனத்தில் உள்ள இலக்கங்களோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் அந்த மாற்றம் பதிவில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். ஏற்றப்படாமல் இருந்தால், அதை விற்பவரே தமது பெயரில் சரிசெய்து தரும்வரை முற்பணம் கொடுக்காதிருப்பது நல்லது. எம்ஜிபி காரில் இந்த இலக்கம் எஞ்சினின் தன்மையையும் சொல்லிவிடும். 1962 இல் வந்த முதல் எம்ஜிபி கார்களின் 1,798 சிசி எஞ்சினில் பிஸ்டன்களால் சுழற்றப்படும் கிராங்க் தண்டை மூன்று மெயின் பேரிங்குகளே தாங்கின. அவற்றின் இலக்கம் 18ஜி அல்லது 18ஜிஏ என்று தொடங்கும். 1964 இன் பிற்பகுதியில் ஐந்து மெயின் பேரிங்குகள் கொண்ட எஞ்சின் வந்தது. அதன் இலக்கம் 18ஜிபி என்று தொடங்கும். ஐந்து பேரிங் எஞ்சின் மலைப்பாதையின் நீண்ட உழைப்பை நிதானமாகத் தாங்கும் என்பது என் கருத்து. ஆனால் நன்றாகப் பேணப்பட்ட மூன்று பேரிங் எஞ்சினை அதற்காக மட்டும் ஒதுக்க வேண்டியதில்லை. இலக்கம் பொறித்த தகடு ஆணியடித்துப் பொருத்தப்படுவது. அதைக் கழற்றி வேறொரு எஞ்சினில் அடித்துவிட முடியும். ஆணியின் தலை புதிதாக மினுங்கினால் காரணம் கேளுங்கள்.

எஞ்சின் "ஓவர்ஹோல்" செய்யப்பட்டது என்று சொல்லப்பட்டால், அந்தச் சொல்லுக்குள் என்னவெல்லாம் அடங்கியது என்று விசாரியுங்கள். பிஸ்டன் ரிங் மாற்றி வால்வு அரைத்ததையும் சிலர் ஓவர்ஹோல் என்றே சொல்வார்கள். சிலிண்டரை எத்தனை தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிதாக்கினார்கள், கிராங்கை எத்தனை தவ் அரைத்தார்கள் என்பதற்குப் பட்டறையின் பற்றுச்சீட்டு இருந்தால் கேட்டுப் பாருங்கள். பிஸ்டனில் 60 தவ் வரை போய்விட்ட பழைய எஞ்சினுக்கு இன்னொரு முறை பெரிதாக்க இடம் இராது. அடுத்த முறை சிலிண்டருக்குள் லைனர் என்ற உள்ளுறை போட வேண்டி வரும். அந்தச் செலவு உங்களுடையது. நுவரெலியாவில் 1934 இல் தொடங்கிய மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியில் ஓடிய கார் என்று சொல்லி விலையைக் கூட்டுபவர்களும் உண்டு. போட்டியில் ஓடியது காரின் கதைக்குப் பெருமையாக இருக்கலாம். எஞ்சினைப் பொறுத்தவரை அது, ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) அரைக்கப்பட்டு கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்படும் அளவு) உயர்த்தப்பட்டிருக்கிறதா, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு மாற்றப்பட்டிருக்கிறதா, ரெட்லைன் என்ற சுழற்சி வேக எல்லையைத் தாண்டி எத்தனை முறை ஓட்டப்பட்டிருக்கிறது என்ற கேள்விகளைத்தான் எழுப்புகிறது.

பார்க்கப் போகும் நாளை விற்பவரோடு பேசி, காலையிலேயே போங்கள். நீங்கள் வருவதற்கு முன் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று வெளிப்படையாகவே கேளுங்கள். போனதும் பொனட்டையும் ரேடியேட்டரையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அன்றைய சோதனையின் முக்கியமான பகுதி போய்விட்டது என்று கொண்டு, இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புவதே முறை. பழைய எஞ்சின் தன் குறைகளை மிகத் தெளிவாகச் சொல்வது இரவு முழுவதும் குளிர்ந்து கிடந்த பிறகு வரும் முதல் இரண்டு நிமிடங்களில்தான்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். நிறமுள்ள கூலன்ட் இருக்க வேண்டிய இடத்தில் செந்நிறத் துருநீர் இருந்தால், காரில் பல வருடங்களாக வெறும் தண்ணீரே ஊற்றப்பட்டு வந்தது என்று பொருள். மலையகத்தில் இது சாதாரணம். துரு தங்கும் இடம் ரேடியேட்டர் மட்டுமன்று. அது பிளாக்கின் அடியில், குறிப்பாகப் பின் சிலிண்டரைச் சுற்றி, சேறாக இறங்கிப் படிந்துவிடும். விற்பவர் சம்மதித்தால் பிளாக்கின் பக்கவாட்டிலுள்ள வடிகுழாயைத் திறக்கச் சொல்லுங்கள். தண்ணீர் வந்தால் நல்லது. ஒரு சொட்டும் வராமல், கம்பியால் குத்திய பின் சேறு வந்தால், பின் சிலிண்டர் சரியாகக் குளிராமலே பல மலைகளை ஏறியிருக்கிறது என்று கொள்ளலாம். ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்காத இந்தச் சோதனையைப் பலர் செய்வதே இல்லை.

அடுத்து டிப்ஸ்டிக்கை எடுத்து ஒயிலைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். பெற்றோல் வாடை அடித்தால் காபுரேட்டர் நிரம்பி வழிகிறது, அல்லது எரியாத பெற்றோல் ரிங் வழியே கீழே இறங்குகிறது. ஒயில் வழக்கத்துக்கு மீறித் தடிப்பாக இருந்தால், அழுத்தத்தை உயர்த்திக் காட்டுவதற்காக ஏதாவது கலந்திருக்கிறார்களா என்று சந்தேகப்படலாம். இந்தக் கார்களுக்கு 20டபிள்யூ-50 தர ஒயில் போதுமானது. ஒயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் படியும் வெண்மஞ்சள் களிம்பைக் கண்டு உடனே அஞ்சிவிடாதீர்கள். கீழ்நாட்டில் அது, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கட் போனதற்கான அடையாளம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் நுவரெலியா, நானுஓயா, ஹப்புத்தளை போன்ற பனிமூட்டமான இடங்களில், கடைத்தெருவுக்கும் வீட்டுக்குமாகக் குறுகிய தூரம் மட்டும் ஓடும் எஞ்சின் முழுதாகச் சூடேறாததால், உள்ளே ஈரம் குளிர்ந்து ஒயிலோடு கலந்து மூடியில் களிம்பாகப் படிகிறது. வேறுபாட்டை அறிவது எளிது: மூடியில் மட்டும் களிம்பு இருந்து டிப்ஸ்டிக்கில் ஒயில் தெளிவாக இருந்தால் அது குளிரின் வேலை, டிப்ஸ்டிக்கிலும் பால் கலந்ததுபோல் இருந்தால், அல்லது ரேடியேட்டர் தண்ணீரின்மேல் ஒயில் படலம் மிதந்தால், அது கேஸ்கட்டின் அல்லது வெடித்த ஹெட்டின் வேலை.

இனி ஸ்டார்ட் செய்யுங்கள். குளிரில் சொக் இழுத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சொக் இல்லாமலே ஒரே தட்டலில் ஸ்டார்ட் ஆனால், காபுரேட்டர் அளவுக்கு மிஞ்சிப் பெற்றோல் விடும்படி வைக்கப்பட்டிருக்கலாம். ஸ்டார்ட் ஆனதும் ஒயில் அழுத்த முள் சில விநாடிகளுக்குள் எழ வேண்டும். அதற்கு முன் அடியிலிருந்து கனத்த இடிச்சத்தம் கேட்டு, அழுத்தம் ஏறியதும் அது மறைந்தால், மெயின் பேரிங்கோ, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொன்ரொட்டின் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது மட்டும் கேட்டு, சூடானதும் அடங்கிப்போகும் மெல்லிய தட்டல் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் இடிப்பது. சில வருடங்கள் அப்படியே ஓடும். முன்பக்கத்திலிருந்து வரும் சங்கிலிச் சலசலப்பு டைமிங் செயினுடையது. அதை மாற்றலாம், பெரிய செலவில்லை. வால்வுகளின் டேப்பட் சத்தம் இந்த எஞ்சின்களில் இருக்கத்தான் வேண்டும். எம்ஜிபி எஞ்சினின் டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் நெம்புக்கும் இடையிலுள்ள இடைவெளி, 15 தவ். மிட்ஜெட், ஸ்பிரைட் கார்களின் ஏ-வகை எஞ்சினில் 12 தவ். ஆகவே, முற்றிலும் அமைதியாக ஓடும் டேப்பட்டைக் கண்டு மகிழ வேண்டாம். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் நிறுத்தப்பட்டது. அந்த ஈயத்தை நம்பி வடிவமைக்கப்பட்ட பழைய ஹெட்டுகளில், கடினமான வால்வு இருக்கைகள் பொருத்தப்படாவிட்டால், நீண்ட ஏற்றங்களில் எக்சோஸ்ட் வால்வு தன் இருக்கையைத் தானே தின்று ஹெட்டுக்குள் புதைந்து போகும். அப்படிப் புதையப் புதைய டேப்பட் இடைவெளி மூடிக்கொள்ளும், சத்தமும் குறையும். இடைவெளி அளவை ஃபீலர் கேஜால் அளந்து, கடைசியாக எப்போது சரிசெய்யப்பட்டது என்றும் கேளுங்கள். அடிக்கடி சரிசெய்ய வேண்டியிருக்கிறது என்று சொன்னால் விடை அதிலேயே இருக்கிறது.

சைலன்சரிலிருந்து வரும் வெள்ளை ஆவி மலையகக் காலையில் எல்லா வாகனங்களிலும் இருப்பதுதான். பனிமூட்டத்தில் அது வழக்கத்தைவிட நெடுநேரம் தங்கித் தெரியும். பத்துப் பதினைந்து நிமிடங்கள் ஓடி நன்றாகச் சூடான பிறகும் ஆவி தொடர்ந்தால், ரேடியேட்டரில் தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று எஞ்சின் ஆறிய பின் பார்க்க வேண்டும்.

கம்ப்ரஷன் சோதனையில்தான் மலை மிகவும் ஏமாற்றுகிறது. சிலிண்டர் உறிஞ்சுவது சுற்றியுள்ள காற்றைத்தான். அந்தக் காற்றே மெலிந்திருந்தால் அழுத்தமானியின் முள்ளும் அதே விகிதத்தில் குறைவாகக் காட்டும். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 80 சதவீதம். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் 86 சதவீதம் அளவில். கண்டியில் 94 சதவீதம் அளவில். ஆகவே, கொழும்பில் சதுர அங்குலத்துக்கு 150 இறாத்தல் காட்டும் நல்ல எஞ்சின், ஹட்டனில் 129 இறாத்தலும் நுவரெலியாவில் 120 இறாத்தலும்தான் காட்டும். இதை அறியாமல் கைநூலில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டால் நல்ல காரை இழந்துவிடுவீர்கள். இன்னொரு பக்கம், 95 இறாத்தல் காட்டும் சிலிண்டரை "மலையில் இப்படித்தான்" என்ற சமாதானத்தை நம்பி விட்டுவிடவும் கூடாது. 95 ஐ 0.8 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 119 தான் வருகிறது. கொழும்பிலும் அது தேய்ந்த சிலிண்டரே.

சோதனையை முறைப்படி செய்வதும் முக்கியம். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். நான்கு பிளக்குகளும் கழற்றப்பட்டிருக்க வேண்டும். கொயிலின் வயர் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். அக்சிலேட்டர் முழுதாக அழுத்தப்பட்டிருக்க வேண்டும். பற்றரி நிறைவாக இருக்க வேண்டும். அக்சிலேட்டரை மறந்தால் காற்று உள்ளே போகாமல் எல்லாச் சிலிண்டர்களும் குறைவாகக் காட்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கைச் சுழற்சி கொடுத்து, வரும் எண்களை எழுதிக்கொள்ளுங்கள். மொத்த எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கிடையிலான வேறுபாடே பேசுகிறது: மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் இடையில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நன்று, 15 ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். குறைந்து காட்டிய சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளவிடுங்கள். அளவு எழுந்தால் ரிங் அல்லது சிலிண்டர் சுவர் தேய்ந்தது. எழாவிட்டால் வால்வு கசிகிறது. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால், அவற்றுக்கிடையே ஹெட் கேஸ்கட் எரிந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம். காற்றழுத்தி வைத்திருக்கும் கராஜில், சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்திக் கசிவு எங்கே என்று கேட்பது இன்னும் துல்லியமானது: காபுரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்சோஸ்ட் வால்வு, ஒயில் மூடியில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் கேஸ்கட்.

கழற்றிய பிளக்குகளை வரிசை மாறாமல் ஒரு துணியில் அடுக்கிப் பாருங்கள். எல்லாமே உலர்ந்த கறுப்புக் கரியாக இருந்தால் கலவை செறிவாகிவிட்டது. கொழும்பில் சரிசெய்யப்பட்ட எஸ்யூ காபுரேட்டர் நுவரெலியாவில் செறிவாகத்தான் ஓடும், ஏனெனில் காற்று மெலிந்த அளவுக்குப் பெற்றோல் குறைவதில்லை. இது எஞ்சினின் குறையன்று. ஒரு பிளக் மட்டும் எண்ணெய்ப் பசையுடன் ஈரமாக இருந்தால் அந்தச் சிலிண்டர் ஒயில் குடிக்கிறது. ஒரு பிளக் மட்டும் துடைத்ததுபோல் வெளுத்திருந்தால் அங்கே தண்ணீர் புகுந்து ஆவியாகிக் கழுவியிருக்கலாம். இன்லெட் குழாயில் வெற்றிட அளவி மாட்டிப் பார்ப்பவர்களும் நினைவில் கொள்ள வேண்டியது, கடல் மட்டத்தில் 18 முதல் 20 அங்குலம் காட்டும் எஞ்சின் நுவரெலியாவில் 12 முதல் 14 அங்குலம்தான் காட்டும் என்பது. எண்ணை விடுங்கள், முள் நடுங்குகிறதா என்று பாருங்கள்.

நெடுங்காலம் கராஜில் நின்ற காருக்கு வேறு முறை வேண்டும். மலையகத்தின் ஈரக்காற்றில் வால்வு திறந்தபடி நின்றுவிட்ட சிலிண்டரில் துரு பிடித்து ரிங் ஒட்டிக்கொள்வது சாதாரணம். அப்படிப்பட்ட எஞ்சினை ஸ்டார்ட்டரால் சுழற்றிப் பார்க்க விற்பவர் அவசரப்பட்டால் தடுத்துவிடுங்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் மெல்லிய ஒயிலை விட்டு, ஓர் இரவாவது ஊறவிட்டு, பிறகு கிராங்க் புல்லியில் ஸ்பானரை மாட்டிக் கையால் மெதுவாகச் சுழற்ற வேண்டும். கையால் இரண்டு முழுச் சுற்றுத் தடையின்றிச் சுழன்றால்தான் மற்றச் சோதனைகளுக்குப் போகலாம். சுழலாத எஞ்சினுக்கு, ஓடுகிற எஞ்சினின் விலையைக் கொடுக்கக் கூடாது.

அடுத்தது ஓட்டிப் பார்ப்பது. கடைத்தெருவைச் சுற்றி ஒரு சுற்று ஓட்டுவதால் எதுவும் தெரியாது. நுவரெலியாவில் வாங்குவதானால் ஏ5 வீதியில் றம்பொடை வழியாகப் புசல்லாவை வரையேனும், முடிந்தால் கம்பளை வரையும் இறங்கி, அதே வழியில் ஏறி வாருங்கள். பெற்றோல் செலவை நீங்கள் ஏற்பதாகச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஹட்டன் பக்கத்தவருக்குக் கினிகத்தேனை ஏற்றம் இருக்கிறது. பின்னால் ஒருவரை மோட்டார் சைக்கிளில் வரச் செய்து, புகை எப்போது, எந்த நிறத்தில் வருகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். ஓட்டுபவரின் கண்ணாடியில் தெரிவது போதாது.

முதலில் இறக்கம். இரண்டாம் அல்லது மூன்றாம் கியரில் அக்சிலேட்டரை முழுதாக விட்டுவிட்டு எஞ்சினே வண்டியைத் தடுக்கும்படி நீண்ட தூரம் இறங்குங்கள். அப்போது இன்லெட் குழாயில் வெற்றிடம் உச்சத்தில் இருக்கும். வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழல்களான வால்வு கைடுகள் தேய்ந்திருந்தால் அவற்றின் வழியே ஒயில் உறிஞ்சப்பட்டுச் சேர்ந்திருக்கும். வளைவு கழிந்து அக்சிலேட்டரை மறுபடி அழுத்தியதும் பின்னால் ஒரு நீலப் புகைமண்டலம் எழுந்து மறைந்தால் கைடுகளே காரணம். அது ஹெட்டைக் கழற்றிச் செய்யும் வேலை, எஞ்சின் முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை. ஏற்றத்தில் பாரத்தோடு இழுக்கும்போது நீலப்புகை இடைவிடாமல் வந்தால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்தவை. அது பெரிய வேலை. தட்டையான வீதிகளில் வாங்குபவருக்கு இந்த வேறுபாட்டைக் காண்பது கடினம். மலைப்பாதையோ அதைச் சில மைல்களிலேயே காட்டிவிடும். அக்சிலேட்டரை இலேசாக விடும்போதும் பிடிக்கும்போதும் தாளம்போல் இரட்டைத் தட்டல் கேட்டால், அது கொன்ரொட் பேரிங். பாரத்தோடு ஏறும்போது அடியிலிருந்து உறுமல்போல் வந்தால், மெயின் பேரிங்.

உயரத்தில் மறைந்திருந்து தாழ்வில் வெளிப்படும் குறை ஒன்று உண்டு. பாரத்தோடு ஏறும்போது சிலிண்டரில் பெற்றோல் நேரத்துக்கு முன் வெடித்து, கண்ணாடிக் குண்டுகள் குலுங்குவதுபோல் எழும் சத்தம் அது. மெலிந்த காற்றில் சிலிண்டரின் அழுத்தம் குறைவதால் நுவரெலியாவில் அது கேட்காமலே போகலாம்; கம்பளையிலிருந்து மேலே ஏறத் தொடங்கும் முதல் சில மைல்களில்தான் கேட்கும். டைமிங்கைச் சற்றுப் பின்தள்ளினால், அல்லது 92 ஒக்டேன் பெற்றோலுக்குப் பதிலாக 95 ஊற்றினால் நின்றுவிட்டால் கவலையில்லை. நிற்காவிட்டால் ஹெட் அதிகமாக அரைக்கப்பட்டிருக்கிறது, அல்லது உள்ளே கரி தடிப்பாகப் படிந்திருக்கிறது. இதோடு தொடர்புடைய இன்னொன்றையும் சொல்லிவிடலாம்: நுவரெலியாவுக்கு ஏற்றபடி கலவையை மெலிதாக்கி வைத்திருக்கும் காரை அப்படியே கொழும்புக்கு ஓட்டிச் சென்றால் கலவை இன்னும் மெலிந்து வால்வு எரியும். வாங்கி இறக்குபவர் கலவையைச் சரிசெய்த பிறகே இறக்க வேண்டும்.

ஏற்றத்தின் உச்சியில் இழுவை குறைவது இயல்பு. காற்று ஐந்தில் ஒரு பங்கு மெலிந்த இடத்தில் எஞ்சினின் வலுவும் ஏறத்தாழ அவ்வளவு குறையும். வெப்பமானியைத்தான் இங்கே விடாமல் பார்க்க வேண்டும். நுவரெலியாவில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். எஞ்சினில் அது கொதிக்காமல் இருப்பது ரேடியேட்டர் மூடியின் அழுத்தத்தால்தான். மூடியின் வில் தளர்ந்திருந்தாலோ இரப்பர் வெடித்திருந்தாலோ, கீழே ஒழுங்காக ஓடிய கார் உச்சியில் கொதிக்கும். எனவே கொதித்துவிட்டது என்பதற்காக உடனே கேஸ்கட் போய்விட்டது என்று முடிவு கட்டாமல், ஆறிய பின் மூடியை மாற்றி மறுபடி ஏற்றிப் பாருங்கள்.

உச்சியை அடைந்ததும், எஞ்சின் முழுச்சூட்டில் இருக்கும்போதே நிறுத்தி ஓடவிட்டு ஒயில் அழுத்தத்தைப் பாருங்கள். இந்த ஒரு பார்வைக்காகத்தான் இவ்வளவு தூரமும் வந்தோம் என்றுகூடச் சொல்லலாம். காலைக் குளிரில் 70 அல்லது 80 இறாத்தல் காட்டியது தடித்த ஒயிலின் அழுத்தம். பேரிங்கின் நிலையைச் சொல்வது சூடான, இளகிய ஒயில்தான். எம்ஜிபி எஞ்சின் சூட்டில் ஓடும்போது 50 முதல் 80 இறாத்தலும், ஐட்லிங்கில் 10 முதல் 25 இறாத்தலும் காட்ட வேண்டும். எந்த மாதிரி என்று தெரியாத எஞ்சினுக்கும், நிமிடத்துக்கு ஆயிரம் சுழற்சிக்குப் பத்து இறாத்தல் என்ற பழைய மெக்கானிக்குகளின் கணக்குப் போதும். டாஷ்போட்டிலுள்ள மானியை நம்பாமல், கராஜில் இருக்கும் இயந்திர அழுத்தமானி ஒன்றை மாட்டிப் பார்க்க முடிந்தால் ஐயமே இராது. அதே நிலையில் ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள். மெல்லிய மூச்சுப்போல் ஆவி வருவது சரி, பொத்துப் பொத்தென்று புகை தள்ளினால் ரிங் தாண்டி வாயு இறங்குகிறது. பிறகு எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் ஸ்டார்ட் ஆகத் தயங்கினால் பெரும்பாலும் பெற்றோல் குழாயில் ஆவி கட்டியிருக்கும். உயரத்தில் பெற்றோல் விரைவில் ஆவியாவதால் இது அடிக்கடி நேர்வது, விலையைக் குறைக்கப் பேசலாம், காரை விடக் காரணமில்லை.

சில மாதிரிகளுக்கென்று தனியாகப் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. டிரையம்ஃப் ஸ்பிற்ஃபயரில் கிராங்க் தண்டின் முன்பின் நகர்வைத் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்து கழன்று விழக்கூடியவை. விழுந்தால் கிராங்கும் பிளாக்கும் சேர்ந்தே கெடும். ஒருவர் கிளச்சை அழுத்தி விடும்போது மற்றவர் முன்பக்கப் புல்லியைப் பார்க்க வேண்டும். அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு முன்னும் பின்னும் அசைந்தால் அந்தக் காரை ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். மலைப்பாதையில் கிளச்சுக்கு ஓய்வே இல்லாததால் இந்த வாஷர்கள் இங்கே கூடுதலாக உழைக்கின்றன. எம்ஜி எஞ்சின்களின் பின்பக்கத்திலிருந்து சில சொட்டு ஒயில் விழுவது அவற்றின் அமைப்பினால் வருவது, அதற்காக யாரும் காரை வேண்டாம் என்பதில்லை. ஆனால் ஓட்டி நிறுத்திய இடத்தில் குளம் கட்டினால் பின் பேரிங் தேய்ந்து கசிகிறது. எம்ஜிபி ஹெட்டுகள் நடு எக்சோஸ்ட் வால்வுகளின் பக்கம் வெடிப்பதும் தெரிந்த குறை. ஹெட் கழற்றப்படும்போதெல்லாம் அங்கே வெடிப்புச் சோதனை செய்யப்பட்டதா என்று கேளுங்கள். இத்தாலியக் கார் எதுவும் கிடைத்தால், டைமிங் பெல்ட்டில் ஓடும் எஞ்சினாயின், கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு எழுத்திலான ஆதாரம் இல்லாதபோது, அதை மாற்றிய பிறகே ஓட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விலை பேசும்போது, கண்ட குறைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கேஸ்கட், வால்வு கைடு, ரேடியேட்டர், டைமிங் செயின், காபுரேட்டர் ஆகியவை கண்டியிலோ கொழும்பிலோ நல்ல கராஜில் முடியும் வேலைகள். அவற்றின் செலவை மதிப்பிட்டு விலையிலிருந்து கழிக்கலாம். சூட்டில் ஒயில் அழுத்தம் விழுவது, அடித்தட்டல், ஏற்றத்தில் தொடர்ந்து நீலப்புகை, வெடித்த பிளாக், பதிவோடு பொருந்தாத எஞ்சின் இலக்கம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றிருந்தாலும், எஞ்சின் இல்லாத காராகவே அதை மதிப்பிட வேண்டும். பொடி நன்றாக இருந்து, விற்பவரும் அந்த விலைக்கு இறங்கி வந்தால் அப்படியும் வாங்கலாம். எம்ஜிபி போன்ற கார்களுக்கு பிஸ்டன், பேரிங், வால்வு முதலியவை பிரித்தானியாவில் இன்னும் புதிதாகச் செய்யப்படுவதால், அந்த எஞ்சினைத் திரும்பக் கட்டுவது முடியாத காரியமன்று. அத்தகைய காரை வாங்கியதும் ஓட்டிக்கொண்டு மலை இறங்காமல், லொறியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். சோதனையில் எழுதிய கம்ப்ரஷன் எண்களை, அளந்த ஊரின் பெயரோடு, எஞ்சினைப் பிரிக்கப் போகும் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.